பார்த்தே இராத ஒருவருக்காக அழுவது

2018 ஜூன் 8, வெள்ளிக்கிழமை. இங்கே சாயங்காலம். அந்தோணி போர்டெய்ன் இறந்துவிட்டார் என்ற செய்தி கைபேசியில் வந்து விழுந்தது. பிரான்சின் அல்சாஸ் பகுதியில் படப்பிடிப்புக்குப் போயிருந்தவர், தன் உயிரை மாய்த்துக்கொண்டார் என்றது சிஎன்என். வயது 61.

நான் வாய்விட்டு ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அம்மா திரும்பிப் பார்த்தார். யார் என்று கேட்டார். "டிவியில ஊர் ஊராப் போய்ச் சாப்பிடுவாரேம்மா, நரைச்ச முடி, உயரமா..." அம்மாவுக்கு ஞாபகம் வரவில்லை. "உனக்குத் தெரிஞ்சவரா?" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

நம் ஊரில் சாவு விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதில் யாருக்கும் குழப்பம் இருக்காது. துக்கம் கேட்கப் போவோம். போய் உட்காருவோம். பேசத் தெரியாதவர்கள்கூட வாசலில் போட்ட நாற்காலியில் அரை மணி நேரம் சும்மா இருந்துவிட்டு வருவார்கள். கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக்கூடாது, அவ்வளவுதான் விதி. ஆனால் துக்கம் கேட்க ஒரு வீடு வேண்டுமே. முகம் பார்த்திராத, கடல் கடந்த ஒருவர் இறந்தால் எந்த வீட்டுக்குப் போவது? யாரிடம் கேட்பது? அன்று உலகம் முழுக்க லட்சக்கணக்கான பேருக்கு இந்தச் சிக்கல் இருந்தது.

நியூயார்க்வாசிகள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். மன்ஹாட்டனில் பார்க் அவென்யூ சவுத் தெருவில் லே ஆல் என்ற பிரெஞ்சு உணவகம் இருந்தது. போர்டெய்ன் தலைமைச் சமையல்காரராக இருந்த இடம். அவர் இறந்தபோது அது ஏற்கெனவே மூடிக் கிடந்தது. அந்த மூடிய கடையின் வாசலில் பூங்கொத்துகளைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்ணாடியில் பல மொழிகளில் கைப்பட எழுதிய சீட்டுகளை ஒட்டினார்கள். வீட்டார் யாரும் உள்ளே இல்லாத துக்க வீடு. வந்தவர்கள் ஒருவருக்கொருவர் துக்கம் கேட்டுக்கொண்டார்கள்.

அவர் யார் என்று தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. 1956 ஜூன் 25 அன்று நியூயார்க்கில் பிறந்தவர். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டார். கடலோர ஊர் ஒன்றின் மீன் உணவகங்களில் பாத்திரம் கழுவி, அடுப்படிக்கு முன்னேறினார். அமெரிக்கச் சமையல் கல்லூரியில் 1978-இல் பட்டம் பெற்றார். அப்புறம் இருபது ஆண்டுகளுக்கு மேல் சமையல் கட்டில் வேலை. நடுவில் ஹெராயினுக்கும் கொக்கெயினுக்கும் அடிமையாக இருந்து மீண்டார். பெரிய சமையல் மேதை என்று அவரை யாரும் சொன்னதில்லை. அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

திருப்பம் 1999-இல். உணவகச் சமையலறைக்குள் என்ன நடக்கிறது என்று அவர் எழுதிய கட்டுரை 'தி நியூ யார்க்கர்' இதழில் வந்தது. திங்கட்கிழமை மீன் கேட்காதீர்கள், அது வார இறுதிக்காக வாங்கி மிஞ்சியது என்று போட்டு உடைத்தார். (பல ஆண்டுகள் கழித்து, காலம் மாறிவிட்டது, தாராளமாகச் சாப்பிடுங்கள் என்று அவரே சொல்லிவிட்டார். ஆனாலும் அமெரிக்காவில் இன்னும் திங்கட்கிழமை மீனுக்குத் தயங்குகிறவர்கள் உண்டு.) அந்தக் கட்டுரை அடுத்த ஆண்டு புத்தகமாக விரிந்து பெருவெற்றி பெற்றது. கடன் கட்ட முடியாமல் இருந்த மனிதர் நாற்பத்து மூன்று, நாற்பத்து நான்கு வயதில் புகழ்பெற்றார். தொலைக்காட்சி அவரை அடுப்படியிலிருந்து வெளியே இழுத்தது. 2002 முதல் இறக்கும்வரை, சானல் மாறினாலும் பெயர் மாறினாலும், அவர் செய்தது ஒரே காரியம்தான்: யாரோ ஒருவர் ஊருக்குப் போய், அவர்கள் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, பேசுவதைக் கேட்பது.

சரி, இதற்கு ஏன் இவ்வளவு பேர் அழ வேண்டும்?

டானல்ட் ஹார்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள், திரையில் தோன்றுபவரோடு பார்ப்பவர் கொள்ளும் ஒருதலை நெருக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். தொகுப்பாளர் கேமராவைப் பார்த்துப் பேசும்போது, நம்மிடமே பேசுகிறார் என்று மனம் எடுத்துக்கொள்கிறது. வாரம் தவறாமல் வீட்டுக்கு வருகிறவரோடு பழகிவிடுகிறோம். அவருக்குத்தான் நம்மைத் தெரியாது. அந்தக் கட்டுரை வந்த ஆண்டு 1956. போர்டெய்ன் பிறந்த அதே ஆண்டு. தற்செயல்தான், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை.

ஆனால் இந்த விளக்கம் எல்லா நட்சத்திரங்களுக்கும் பொருந்தும். போர்டெய்ன் விஷயத்தில் இன்னொன்று இருந்தது. அவர் நம்மைப் பார்த்துப் பேசியதைவிட, எதிரில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தது அதிகம். 'என்ன சாப்பிடுவீர்கள், எதைச் சமைக்கப் பிடிக்கும், எது உங்களைச் சந்தோஷப்படுத்தும்' ஆகிய எளிய கேள்விகளைத்தான் கேட்கிறோம், அதற்கு அசரவைக்கும் பதில்கள் கிடைக்கின்றன என்று அவரே சொல்லியிருக்கிறார். நாம் அவருக்கு எதிர் இருக்கையில் இல்லை. அவருக்குப் பக்கத்தில், அவரைப்போலவே விருந்தாளியாக உட்கார்ந்திருந்தோம். உடன் உண்டவர் போனால் வரும் துக்கம் அது.

2006-இல் பெய்ரூத் போனார். வழக்கமான சாப்பாட்டு நிகழ்ச்சிக்குத்தான். போன இடத்தில் இஸ்ரேலுக்கும் ஹிஸ்புல்லாவுக்கும் போர் வெடித்து, விமான நிலையத்தில் குண்டு விழுந்தது. படக்குழு பல நாட்கள் விடுதியில் அடைந்து கிடந்து, கடைசியில் அமெரிக்கக் கடற்படைக் கப்பலில் வெளியேறியது. அந்த நிகழ்ச்சியில் சாப்பாடு கொஞ்சம்தான். நீச்சல் குளத்து ஓரத்தில் நின்று, தூரத்தில் புகை எழுவதைப் பார்க்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் நிகழ்ச்சிகளின் தன்மையே மாறிப்போனது. தட்டில் இருப்பது எங்கிருந்து வந்தது, சமைத்தவர் எதையெல்லாம் இழந்தவர் என்ற கேள்விகள் உள்ளே வந்தன. காசா, லிபியா, காங்கோ, மியான்மர் என்று போனார்.

2014-இல் தெஹ்ரானில் ஜேசன் ரெசாயன் என்ற பத்திரிகையாளரையும் அவர் மனைவியையும் பேட்டி எடுத்தார். சில வாரங்களில் இருவரும் கைதானார்கள். ரெசாயன் 544 நாட்கள் சிறையில் இருந்தார். அந்தக் காலம் முழுக்க அவர் விடுதலைக்காகப் போர்டெய்ன் குரல் கொடுத்தார். விடுதலையான பிறகு அவருடைய சிறை நினைவுகளைத் தன் பதிப்பக முத்திரையிலேயே வெளியிட ஏற்பாடு செய்தார். புத்தகம் வெளிவந்தபோது போர்டெய்ன் இல்லை. ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு இவ்வளவு நன்றிக்கடன்.

இலங்கைக்கு இரண்டு முறை போயிருக்கிறார். முதல் பயணத்தின்போது போர் நடந்துகொண்டிருந்தது. வடக்கே போக முடியவில்லை. இரண்டாவது பயணம் 2017-இல் ஒளிபரப்பானது. இம்முறை கொழும்பிலிருந்து ரயிலேறி யாழ்ப்பாணம் போனார். 1990-இல் அறுந்துபோய், 2014 அக்டோபரில்தான் திரும்ப ஓடத் தொடங்கிய பாதை அது. உலகத் தொலைக்காட்சியில் யாழ்ப்பாணம் என்றால் இடிபாடும் முள்வேலியும் மட்டுமே என்று பார்த்துப் பழகியவர்களுக்கு, ஒரு வெள்ளைக்காரர் அந்த ரயிலில் உட்கார்ந்து சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வருவது வேறு அனுபவம். தமிழர்களைக் காப்பாற்ற வந்தவராகவோ பரிதாபப்பட வந்தவராகவோ அவர் வரவில்லை. சாப்பிட வந்தார். அந்த மரியாதை எல்லோருக்கும் வாய்க்காது.

எல்லோரும் பகிர்ந்த படம் ஹனோயில் எடுத்தது. 2016 மே மாதம், ஒரு சாதாரணக் கடை. குட்டிப் பிளாஸ்டிக் ஸ்டூலில் போர்டெய்னும் அப்போதைய அமெரிக்க அதிபர் ஒபாமாவும். சுட்ட பன்றிக்கறி, அரிசி நூடுல்ஸ், கையில் பீர் பாட்டில். பில் ஆறு டாலர், கொடுத்தது போர்டெய்ன். கடைக்காரர்கள் பிறகு அந்த மேசையைக் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துவிட்டார்கள். (இது போர்டெய்னுக்கு எரிச்சலூட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். மேசை என்றால் அதில் யாராவது சாப்பிட வேண்டும்.) அவர் இறந்த அன்று ஒபாமா அந்தப் படத்தைப் போட்டு, தெரியாதவற்றைக் கண்டு நாம் கொஞ்சம் குறைவாகப் பயப்படும்படி செய்தவர் என்று எழுதினார்.

துக்க வீட்டில் கேட்கக்கூடாத கேள்வி ஒன்று உண்டு. ஆனால் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்கள். "இவ்வளவு இருந்தும் ஏன்?" பணம், புகழ், ஆண்டில் 250 நாள் ஊர் சுற்றும் வேலை, விரும்பிய சாப்பாடு. இதற்கு மேல் என்ன வேண்டும்?

இந்தக் கேள்வி துக்கத்தில் வருவதுதான், ஆனால் அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. வசதி ஒரு தட்டில், வேதனை மறு தட்டில். வசதி கனத்தால் வேதனை இருக்க முடியாது என்ற கணக்கு. மனம் அப்படி எடை போடுவதில்லை. அவர் இறந்த பிறகு ஒளிபரப்பான கென்யா நிகழ்ச்சியில், நகைச்சுவைக் கலைஞர் கமாவ் பெல்லோடு ஒரு மேட்டில் உட்கார்ந்து பேசுகிறார். இந்த வாழ்க்கை எனக்குக் கிடைத்ததை என்னாலேயே நம்ப முடியவில்லை, என்னை நானே கிள்ளிப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். அது பொய்யாகத் தோன்றவில்லை. நன்றியும் தாங்க முடியாத வலியும் ஒரே ஆளுக்குள் ஒரே காலத்தில் இருக்க முடியும்.

அவர் இறப்பதற்கு முந்தைய நாள்தான் அமெரிக்க நோய்த்தடுப்பு மையம் ஒரு அறிக்கை வெளியிட்டிருந்தது. 1999-க்கும் 2016-க்கும் இடையே அந்நாட்டின் பாதி மாநிலங்களில் தற்கொலை விகிதம் 30 சதவீதத்துக்கு மேல் கூடியிருந்தது. 27 மாநிலங்களின் விவரங்களை ஆராய்ந்ததில், இறந்தவர்களில் 54 சதவீதம் பேருக்கு மனநோய் இருந்ததாக யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. இந்த எண்ணைக் கவனமாகப் படிக்க வேண்டும். நோய் இல்லை என்று அர்த்தமில்லை. மருத்துவரிடம் போகாததால் பதிவாகாமல் இருந்திருக்கலாம். ஆனால் வெளியே தெரியவில்லை என்பது நிச்சயம். 'பார்த்தால் நன்றாகத்தானே இருந்தார்' என்பது வியப்புக்குரிய விஷயமே இல்லை என்று அந்த அறிக்கை சொல்கிறது. அந்த வாரச் செவ்வாய்க்கிழமைதான் வடிவமைப்பாளர் கேட் ஸ்பேடும் இதேபோல் இறந்திருந்தார்.

பதில் கிடைக்காத கேள்வி சும்மா இருக்காது, ஆளைத் தேடும். இணையத்தில் போர்டெய்னின் காதலியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். சிலர் பழைய போதைப் பழக்கத்தைக் கைகாட்டினார்கள். உடலில் போதைப்பொருள் எதுவும் இல்லை என்று பிரெஞ்சு அரசு வழக்கறிஞர் சொன்ன பிறகும் அந்தப் பேச்சு நிற்கவில்லை. பின்னாளில் அவருடைய அந்தரங்கக் குறுஞ்செய்திகளை வைத்து ஒரு வாழ்க்கை வரலாறே வந்தது. ஒருவர் தன் உயிரை முடித்துக்கொள்வது ஒற்றைக் காரணத்தால் நடப்பதில்லை என்பதில் இத்துறை மருத்துவர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகிறார்கள். உடல், மனம், தூக்கம், தனிமை, குடி, ஒரு நெருக்கடி, அந்த நேரத்தில் யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று பல இழைகள் முறுக்கிக்கொள்கின்றன. அதில் ஒரு இழையை உருவி 'இதுதான்' என்று காட்டினால் நமக்குத்தான் நிம்மதி.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. துக்கத்தை எப்படிப் பேசுகிறோம் என்பது உயிரோடு இருப்பவர்களைத் தொடும். நடிகர் ராபின் வில்லியம்ஸ் 2014 ஆகஸ்டில் இறந்த பிறகு, அந்த ஆண்டின் மீதி ஐந்து மாதங்களில் அமெரிக்காவில் 16,849 தற்கொலைகள் நிகழக்கூடும் என்பது முந்தைய போக்கை வைத்துப் போட்ட கணக்கு. நிகழ்ந்தவை 18,690. கிட்டத்தட்ட 10 சதவீதம் அதிகம், ஆண்களிடமும் நடுவயதை நெருங்குபவர்களிடமும் கூடுதல். எல்லாமே அந்த ஒரு செய்தியால் என்று யாரும் நிரூபிக்க முடியாது. ஆனால் பிரபலத்தின் மரணத்தை விலாவாரியாக, எப்படி நடந்தது என்பது உட்பட, திரும்பத் திரும்பச் சொன்னால், ஏற்கெனவே விளிம்பில் நிற்பவரை அது தள்ளக்கூடும் என்பது 1970-களிலிருந்தே ஆய்வாளர்கள் கவனித்து வருவது. கெதேயின் நாவலில் உயிரை மாய்த்துக்கொள்ளும் நாயகனின் பெயரால், வெர்தர் விளைவு என்று அதற்குப் பெயர்.

இதற்கு எதிர்ப்பக்கமாகவும் ஒன்று உண்டு, அது அதிகம் பேசப்படுவதில்லை. மோட்சார்ட்டின் ஆபெரா ஒன்றில் பாப்பகேனோ என்ற பறவை பிடிப்பவன் சாக முடிவெடுக்கிறான். மூன்று சிறுவர்கள் வந்து, உனக்கு வேறு வழி இருக்கிறதே என்று நினைவூட்டுகிறார்கள். மனம் மாறிவிடுகிறான். நெருக்கடியிலிருந்து மீண்டு வந்தவர்களைப் பற்றிய செய்திகள் உயிரைக் காக்கக்கூடும் என்று ஆஸ்திரிய ஆய்வாளர்கள் 2010-இல் கண்டு, அதற்கு அவன் பெயரையே வைத்தார்கள். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் பத்திரிகைகளுக்குச் சொல்கிறது: முறையை விவரிக்காதே, தலைப்பில் கொட்டாதே, ஒற்றைக் காரணம் கட்டாதே, உதவி எங்கே கிடைக்கும் என்று சேர்த்துச் சொல்.

நம் மொழியில் இதில் ஒரு சங்கடம் இருக்கிறது. தற்கொலை என்ற சொல்லுக்குள்ளேயே கொலை உட்கார்ந்திருக்கிறது. 'செய்துகொண்டார்' என்று முடிக்கும்போது குற்றமும் குற்றவாளியும் சேர்ந்தே வந்துவிடுகிறார்கள். 'தற்கொலையால் இறந்தார்' என்று எழுதிப் பார்த்தால் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கிறது. 'உயிரை மாய்த்துக்கொண்டார்' என்பது எவ்வளவோ தேவலை, கிராமத்திலும் சொல்வார்கள். சொல்லை மாற்றினால் எல்லாம் மாறிவிடும் என்று நான் நம்பவில்லை. ஆனால் இறந்தவர் வீட்டார் அந்தச் செய்தித்தாளைப் படிப்பார்கள் என்ற நினைப்பு எழுதுகிறவருக்கு இருந்தால் போதும், சரியான சொல் தானே வரும்.

உலக சுகாதார நிறுவனத்தின் அந்தக் கடைசி அறிவுரையை நானும் மீறக் கூடாது. மனம் விட்டுப் பேசி உதவி கேட்க: தமிழ்நாட்டில் 104, இந்தியா முழுவதும் 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண், சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் 044-24640050, இலங்கையில் 1926. பேசுவதற்குக் காரணம் பெரிதாக இருக்க வேண்டும் என்றில்லை.

போர்டெய்னின் மரணத்தை மிக நெருக்கமாக உணர்ந்தவர்கள் சமையல்காரர்கள். அவர்களுக்கு அவர் நட்சத்திரம் இல்லை, தங்களிடமிருந்து முன்னுக்கு வந்த ஒரு கூட்டாளி. அமெரிக்க உணவகங்களின் பின்கட்டில் வேகிறவர்கள் மெக்சிகோவிலிருந்தும் லத்தீன் அமெரிக்காவிலிருந்தும் வந்தவர்கள், அவர்கள் இல்லாமல் இந்தத் தொழில் ஒரு நாள் ஓடாது என்று அலுக்காமல் சொன்னவர். சமையலறையின் முரட்டு ஆண்திமிரைத் தன் புத்தகம் கொண்டாடிவிட்டதே என்று பின்னாளில் வருந்தியவரும் அவரே. அந்தத் தொழிலுக்கு இப்படி ஒரு சாவு புதிதல்ல. 2003-இல் பிரான்சின் பெர்னார் லுவாஸோ, 2016-இல் சுவிட்சர்லாந்தின் பெனுவா வியோலியே. வியோலியேவின் உணவகம் உலகிலேயே முதலிடம் என்று ஒரு பட்டியல் அறிவித்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. நள்ளிரவுவரை வேலை, அடுப்பின் அனல், வேலை முடிந்தால் குடி, வலித்தாலும் உட்காராமல் நிற்பதே வீரம் என்ற எண்ணம். குடியிலிருந்து மீள விரும்பும் உணவகத் தொழிலாளிகளுக்காக 2016-இல் அமெரிக்காவில் தொடங்கிய பென்ஸ் ஃப்ரெண்ட்ஸ் போன்ற குழுக்களில் இன்று வாராவாரம் கூடி உட்கார்ந்து பேசுகிறார்கள். அதுவும் ஒரு மேசைதான், சாப்பாடு இல்லாத மேசை.

அவருடைய நண்பர்களான எரிக் ரிப்பேர், ஹொசே ஆந்த்ரேஸ் என்ற சமையல் கலைஞர்கள் 2019-இல் ஒரு காரியம் செய்தார்கள். அவர் இறந்த நாளை விட்டுவிட்டு, பிறந்த நாளான ஜூன் 25-ஐப் போர்டெய்ன் நாள் என்று அறிவித்தார்கள். ரிப்பேர் அல்சாஸில் அந்தக் காலையில் அவரைத் தேடிப் போய்ப் பார்த்தவர். எந்தத் தேதியை நினைவில் வைக்க வேண்டும் என்று சொல்ல அவரைவிடத் தகுதியானவர் இல்லை. நம்மிடையே திதிதான் வழக்கம், பிறந்த நாளுக்குச் சடங்கு கிடையாது. இருந்தாலும் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் செய்ததுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

கடைசித் தொடரின் நிகழ்ச்சிகள் 2018 செப்டம்பர் முதல் நவம்பர் வரை வந்தன. படம் எடுத்தாகிவிட்டது, ஆனால் பின்னணிக் குரலை அவர் முழுமையாகக் கொடுத்திருந்தது கென்யா நிகழ்ச்சிக்கு மட்டும்தான். மற்றவற்றில் அந்த இடத்தை நிரப்ப இன்னொருவரைப் பேச வைக்கவில்லை. படப்பிடிப்பில் பதிவான பேச்சு, உடன் இருந்தவர்களின் நினைவு, அந்த ஊரின் சத்தம், இவற்றோடு விட்டுவிட்டார்கள். 2021-இல் வந்த ஆவணப்படம் வேறு வழியில் போனது. அவர் எழுதியிருந்த, ஆனால் பேசியிராத சில வரிகளை, 45 விநாடி அளவுக்கு, செயற்கை நுண்ணறிவால் அவர் குரலிலேயே பேச வைத்தார்கள். பெரிய சண்டையானது.

நான் அந்தக் கடைசி நிகழ்ச்சிகளை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். நியூயார்க்கின் ஏதோ ஒரு தெரு. போர்டெய்ன் ஒரு கடையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். வழக்கமாக அவர் குரல் வரவேண்டிய இடத்தில் தட்டுச் சத்தமும் தெருச் சத்தமும். "என்ன, ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு?" என்றார் அம்மா. கொஞ்ச நேரம் பொறுத்து, "ஓ, இவரா" என்றார்.